ஓர் உள்ளங்கை, ஒரு சதவீதம்

எங்கள் மருத்துவமனையின் பொது மருத்துவத் தலைவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். அவருக்கு வைரஸ் என்ற ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்துவிட்டு மீதிப் படிப்பைச் சொல்லித்தர யாரோ மறந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். காய்ச்சலா, வைரஸ். மூட்டுவலியா, வைரஸ். தோல் சிவந்திருக்கிறதா, அது கொஞ்சம் கோபக்கார வைரஸ். நான் தோல் மருத்துவர். அவர் வைரஸ் என்று எழுதிவைத்து, அந்த வைரஸ் தோலை உரிக்கத் தொடங்கிய பிறகு, "தோல் டாக்டர் பார்க்கவும்" என்று ஒரு சீட்டு எனக்கு வரும். பதினாறு வருடமாக என் பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கும் ஒரு சீட்டு வந்தது. பெண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில், வயது நாற்பத்தொன்று, தொழில் தையல். போய்ப் பார்த்தேன். ஐந்தடிக்கும் குறைவான உருவம். பாதிக் கட்டில் காலியாகக் கிடந்தது. உதடு முழுக்கக் கறுத்த ரத்தப் பொருக்கு. கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து நீர் வழிந்தது. மார்பிலும் முதுகிலும் கருஞ்சிவப்புப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டுத்திட்டாகப் பரவியிருந்தன. தோளில் விரலை வைத்து லேசாகத் தள்ளினேன். காய்ச்சிய பாலின் ஆடை போலத் தோல் சுருங்கி நகர்ந்தது. அவள் சத்தம் போடவில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

இது வைரஸ் என்றால் நான் விமானி.

உடம்புக்குள் போன ஏதோ ஒரு மருந்தைப் பார்த்து, உடம்பே தன் தோலின் மீது படையெடுக்கும் நோய் இது. அரிதாகத்தான் வரும். வந்தால் தோல், வாய், கண் என்று ஈரமுள்ள இடத்தையெல்லாம் உரித்துப்போடும். முதல் வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: எந்த மருந்து என்று கண்டுபிடித்து அன்றைக்கே நிறுத்துவது. ஒரு வேளை கூடுதலாக உள்ளே போனாலும் கேடு.

பெரியவர் தன் பரிவாரத்தோடு வந்தார். மருந்தால் வந்தது என்று சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ள ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார்; ஒப்புக்கொண்டதும், தானே கண்டுபிடித்தது போல மாணவர்களைப் பார்த்துத் திரும்பினார். முந்தாநாள் தெருமுனை டாக்டர் எழுதிக்கொடுத்த ஆண்டிபயாடிக்தான் குற்றவாளி என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியாக விழுங்கிய மருந்தின் மீது பழி போடுவது, கடைசியாக வீட்டைவிட்டுப் போன விருந்தாளியைத் திருடன் என்பதற்குச் சமம். ஆண்டிபயாடிக் எழுதியதே காய்ச்சலுக்காக. அந்தக் காய்ச்சலே இந்த நோயின் முதல் நாள். இந்த நோயைக் கிளப்பிவிடும் மருந்து பெரும்பாலும் ஒரு வாரம் முதல் நான்கு வாரத்துக்கு முன்னால் புதிதாகத் தொடங்கியதாக இருக்கும். இதை நான் அவருக்கு ஆறு தடவையாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே கேட்டுக்கொண்டார்.

நான் ஒரு வேலை செய்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் ஜம்பமும் உண்டு. தேதி போட்ட ஒரு நீளத்தாளை எடுத்துக்கொண்டு, இன்றிலிருந்து பின்னோக்கி எட்டு வாரம், நாள்நாளாக வாய்க்குள் என்ன போனது என்று கேட்பேன். மாத்திரை, டானிக், கண்ணுக்குச் சொட்டு, பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த பொடி எதையும் விடமாட்டேன். மனிதர்கள் ஏன் இப்படிப் பொய் சொல்கிறார்கள் என்று நான் வியப்பதை நிறுத்திப் பல வருடமாகிறது. டாக்டரிடம் பொய் சொல்லும்போது அவர்களுக்கு ஒரு நிம்மதி கிடைக்கிறது போலிருக்கிறது.

தையல்காரியால் பேச முடியவில்லை. கூட இருந்தது அவளுடைய அண்ணன். கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர், கடலில் இருந்தார். அண்ணன் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருப்பவர். சட்டைப்பையில் இரண்டு பேனா, ஒன்று மூடியில்லாமல். பதினெட்டு வருடமாக மருந்துக்கடை நடத்துவதால், என் கேள்விக்கு அவர் அரை டாக்டர் தோரணையில் பதில் சொன்னார். காய்ச்சலுக்கு மாத்திரை, பிறகு ஆண்டிபயாடிக், அவ்வளவுதானாம். அதற்கு முன்னால்? ஒன்றுமில்லையாம். தலைவலி, பல்வலி? அப்படியெல்லாம் இல்லையாம். அவர் வழவழா கொழகொழாவென்று பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. மருந்து விற்பவரின் தங்கை இரண்டு மாதத்தில் இரண்டே மாத்திரைதான் சாப்பிட்டாள் என்பதை நம்ப, எனக்கு இன்னும் காது குத்தவில்லையா என்ன.

வார்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். எதையும் நிதானமாகத்தான் செய்வாள். ஒரு கட்டுப் போட மற்றவர்கள் கால் மணி நேரம் எடுத்தால் இவள் முக்கால் மணி நேரம். அதனால் நான் அவளுக்கு அவசரம் என்று பெயர் வைத்திருந்தேன். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவேன். எனக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ஏணி. பெண்ணாக இருந்தும் ஆறடிக்கு இரண்டு அங்குலம்தான் குறைவு நான். அது மட்டும் என் முதுகுக்குப் பின்னால்.

அவசரம் கட்டிலருகே இருந்த சிறிய அலமாரியைத் திறந்து, ஒரு டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தாள். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. காலையில் இவர் தங்கைக்கு எதையோ நசுக்கிக் கரைத்துக் கொடுத்தார் என்றாள்.

அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு எல்லாம் வந்தது. தங்கைக்கு ஒரு பக்க முகத்தில் ஊசி குத்துவது போல நரம்புவலியாம். பல் துலக்கினால்கூட உயிர் போகுமாம். டாக்டரிடம் போக அவளுக்கு நேரமில்லை. பள்ளிச் சீருடை தைக்கும் மாதம். வலிப்புக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரை இந்த நரம்புவலியையும் அடக்கும் என்று அண்ணனுக்குத் தெரியும். கடையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். இருபத்திரண்டு நாளாகிறது. விழுங்க முடியவில்லை என்பதால் மூன்று நாளாக நசுக்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றியிருக்கிறார். அன்று காலை ஏழு மணிக்கு எங்கள் வார்டிலேயே, எங்கள் டம்ளரிலேயே.

"ஏன் சொல்லல?"

"எங்க கடைக்கு ஏதாவது வந்துடுமோன்னு பயந்துட்டேன் டாக்டர்."

நான் அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். முப்பது கட்டில் உள்ள வார்டு. முப்பது கட்டிலுக்கும் கேட்கும்படிதான் பேசினேன். படித்தது மருந்தை எடுத்துக் கொடுக்கவா, வைத்தியம் பார்க்கவா என்று கேட்டேன். தங்கையின் தோல் உரிகிறபோதும் கடையின் பெயர்ப்பலகை உரியக்கூடாது என்றுதான் கவலை, இல்லையா என்று கேட்டேன். மூன்று மணி நேரமாக என்னிடம் கதை அளந்தீர்களே, அந்த மூன்று மணி நேரமும் அவள் உடம்பில்தான் கழிந்தது என்றேன். அவர் தலையைக் குனிந்தபடி, மூடியில்லாத பேனாவைத் திருகிக்கொண்டே நின்றார். சட்டையில் மை பரவியது. அதையும் நான் சொல்லிக்காட்டினேன்.

அவருக்கு அது தேவைதான் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் இன்றைக்கு அதைச் சொல்ல என் வாய் எழுவதில்லை.

மாத்திரையை நிறுத்தியாயிற்று. அடுத்தது, பிழைப்பாளா என்ற கேள்வி. அதற்கு எங்களிடம் ஒரு மதிப்பெண் அட்டவணை உண்டு. ஏழு கட்டம், கட்டத்துக்கு ஒரு மார்க். வயது நாற்பதுக்கு மேலா, புற்றுநோய் உண்டா, நாடித்துடிப்பு நூற்றிருபதுக்கு மேலா, ரத்தத்தில் யூரியா, சர்க்கரை, பைகார்பனேட் எப்படி, பத்து சதவீதத்துக்கு மேல் தோல் உரிந்திருக்கிறதா. வாழ்நாள் முழுக்க மார்க் மார்க் என்று பிள்ளைகளின் உயிரை வாங்கும் நாம், மார்க் குறைய வேண்டும் என்று ஏங்கும் ஒரே பரீட்சை இதுதான். இரண்டு மார்க் என்றால் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் சாவார்கள். மூன்று என்றால் முப்பத்தைந்து பேர். நடுவில் இருப்பது ஒரே ஒரு கட்டம்.

வயதுக்கு ஒன்று. நாடி நூற்றிருபத்துநாலு, அதற்கு ஒன்று. புற்றுநோய் இல்லை. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் ஆபத்துக் கோட்டுக்கு இந்தப் பக்கம். மீதி இருந்தது தோல்.

தோலை அளப்பதற்கு விரலோடு சேர்த்த உள்ளங்கைதான் அளவுகோல். ஓர் உள்ளங்கை, உடம்பில் ஒரு சதவீதம். உரிந்த இடத்துக்கு மேலே, தொடாமல், கையை விரித்து வைத்து வைத்து எண்ணிக்கொண்டே போனேன். முதுகில் நான்கு, மார்பில் இரண்டு, தோளிலும் கையிலும் சேர்த்து இரண்டு. எட்டு. நான் குனிந்து மார்புக்கு மேல் கையை விரித்தபோது தையல்காரி கண்ணைச் சற்றே திறந்து பார்த்தாள்.

"உங்க கை பெருசு டாக்டர்," என்றாள். அந்த உதட்டை வைத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் நிறுத்தி.

நான் சிரித்தேன். எல்லாமே அப்படித்தான், உயரத்துக்குத் தகுந்த மாதிரி என்று சொல்லிவிட்டு எண்ணுவதைத் தொடர்ந்தேன். வலியில் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

எட்டு சதவீதம். மார்க் இரண்டு. தீக்காயப் பிரிவுக்குப் போன் செய்தேன். தோல் இல்லாதவர்களைப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் அங்கே இருந்தது ஒரே ஒரு கட்டில். அதன் தலைவன் என்னோடு படித்தவன். வாயைத் திறந்தால் முதலில் வருவது இல்லை என்ற சொல்தான். மூன்று மார்க்குக்குக் குறைந்தால் எடுக்கமாட்டேன் என்றான். எனக்கும் அதில் பெரிய வருத்தமில்லை. என் வார்டு, என் நோயாளி, நான் கண்டுபிடித்த நோய்.

பன்னிரண்டு மணிக்கு அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்கக்கூடத் தயங்கினார். தங்கையின் கணவருடைய கப்பல் அன்று ஒரு துறைமுகத்தில் நிற்கிறதாம். நான்கு மணிக்குக் கிளம்பிவிடுமாம். இறங்கினால் விமானம் பிடித்து மறுநாள் சாயங்காலம் வந்துவிடலாம். இறங்காவிட்டால் அடுத்த துறைமுகம் வரப் பத்தொன்பது நாளாகும்.

"மாப்பிள்ளை கேக்குறார் டாக்டர். இறங்கட்டுமா, வேண்டாமா? அவர் வந்து பாக்குற மாதிரி இருக்குதா?"

அவர் கேட்டது சதவீதம் இல்லை. மனைவியை உயிரோடு, முகத்துக்கு முகம் பார்க்க இதுதான் சந்தர்ப்பமா என்று கேட்டார். எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் கையில் எண் இருக்கும்போது வேறு எதையாவது சொல்ல எங்களுக்கு வருவதில்லை.

"நூத்துக்கு எண்பத்தெட்டு பேர் பிழைச்சுடறாங்க," என்றேன். "இறங்க வேண்டாம்னு சொல்லுங்க. வேலையைக் கெடுத்துக்க வேண்டாம். நிதானமா வரட்டும்."

அவர் கும்பிட்டார். காலையில் நான் அவ்வளவு பேசிய பிறகும் கும்பிட்டார். வராந்தாவில் அவர் போனில் சொல்வது எனக்குக் கேட்டது. டாக்டர் கெட்டிக்காரங்க, அவங்களே சொல்லிட்டாங்க, பயப்படாதீங்க என்றார்.

மத்தியானச் சாப்பாட்டு மேசையில் பெரியவருக்கு எதிரில் உட்கார்ந்து, டம்ளரின் கதையை நான் எல்லோருக்கும் விவரமாகச் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார், அசடு வழிய. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு ருசித்தது.

இரண்டரை மணிக்கு வார்டுக்குத் திரும்பினேன். அவசரம் தையல்காரிக்குக் கட்டுப் போட்டு முடித்திருந்தாள். ஒட்டாத துணி, அதன் மேல் மெத்தை போல இன்னொரு துணி; ஒரு மடிப்பு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. குறிப்பேட்டில் எழுதுவதற்காக என்னைப் பார்த்தாள்.

"எட்டுன்னு எழுதியிருக்கீங்க டாக்டர். யாரு கையால அளந்தீங்க?"

"என் கையாலதான். பின்ன யாரு கையால அளப்பாங்க?"

அவள் கட்டுத்துணி சுற்றிவரும் தாள் ஒன்றை எடுத்துக் காட்டினாள். அதில் பேனாவால் ஒரு கையை வரைந்திருந்தாள், தையல்காரியின் கை. குழந்தையின் கையைவிடக் கொஞ்சம் பெரிது. நான் என் கையை அதன் மேல் வைத்தேன். அந்தக் கோடே தெரியாமல் போயிற்று.

நோயாளியின் உள்ளங்கைதான் நோயாளியின் உடம்பில் ஒரு சதவீதம். ஏணியின் உள்ளங்கை ஏணியின் உடம்பில்தான் ஒரு சதவீதம். இதை முதல் வருட மாணவர்களுக்கு நான்தான் பாடமாக எடுக்கிறேன். போன மாதம்கூட, தன் கையை வைத்து அளந்த ஒரு பையனை வகுப்பில் எழுப்பி நிறுத்தி, உன் சட்டைக்குப் பக்கத்து வீட்டுக்காரனை அளவெடுப்பாயா என்று கேட்டு வகுப்பே சிரிக்கும்படி செய்தேன்.

அந்தத் தாளை வெட்டி வைத்து மறுபடி அளந்தோம். பன்னிரண்டரை. மூன்றாவது மார்க். பன்னிரண்டு பேர் முப்பத்தைந்து பேர் ஆனார்கள். மணி இரண்டே முக்கால்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். தீக்காயப் பிரிவுக்கு உடனே போன் செய்தேன், அதில் தாமதமில்லை. ஆனால் தப்பாக அளந்துவிட்டேன் என்று சொல்லவில்லை. மார்க் ஏறிவிட்டது என்றேன். ஏதோ காய்ச்சல் ஏறுவது போல. அவனும் நம்பினான், அந்த நோய் ஏறக்கூடியதுதான். கட்டில் கிடைத்தது. ஆட்களை வரவழைத்தேன், குழாய்களை மாற்றினேன், கண் டாக்டரை அங்கே வரச் சொன்னேன். மூன்று பேருடைய வேலையை நான் ஒருத்தியே ஓடி ஓடிச் செய்தேன். ஓடிக்கொண்டிருப்பவளிடம் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள்.

"அவங்க அண்ணன் வெளியதான் உக்காந்திருக்கார் டாக்டர்," என்றாள் அவசரம்.

"தெரியும்."

"கப்பல் நாலு மணிக்குன்னு சொன்னார்."

"எனக்குக் காது கேக்குது சிஸ்டர்."

அவளை நான் சிஸ்டர் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். கடிகாரம் என் தலைக்கு நேர் மேலே இருந்தது. வராந்தா பதினைந்தே தப்படி தூரம். அங்கே போய், நான் தப்பாக அளந்துவிட்டேன், அவரை இறங்கச் சொல்லுங்கள் என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் யாரிடம் சொல்ல வேண்டும்? காலையில் முப்பது கட்டிலுக்கும் கேட்கும்படி நான் கிழித்தெறிந்த அந்த மையூறிய சட்டைக்காரரிடம். முதலில் அவளை மாற்றிவிடுவோம் என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டினேன். மூன்று மார்க் என்றாலும் அறுபத்தைந்து பேர் பிழைக்கிறார்களே என்று அடுத்த கட்டு. பொய்யை வாய்திறந்து சொல்லாமல், பேசாமல் இருந்தே சொல்ல முடிகிறது என்பது படித்தவர்களுக்குக் கிடைத்த வசதி.

நான்கு மணி பத்து நிமிடத்துக்கு வராந்தாவுக்குப் போனேன். நிலைமை கொஞ்சம் மோசமாகியிருக்கிறது, அதனால் தீக்காயப் பிரிவுக்கு மாற்றுகிறோம் என்றேன். அவர் எழுந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அவள் சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் அட்டவணை அதற்கு மேல் எதையும் சொல்லாது என்பதால் நானும் அதைக் கடைசியில் சொல்கிறேன். அந்த ஏழு கட்டத்தில் கண்ணுக்குக் கட்டம் கிடையாது. செத்தாளா, பிழைத்தாளா என்பது மட்டும்தான் அதன் கேள்வி. மூன்றாம் நாள் காலைவரை சொட்டு மருந்து விட்டால் கண்ணைத் திறந்தாள். எதிரில் நிற்பவரை அடையாளம் சொன்னாள். பிறகு இமை இரண்டும் உள்ளே ஒட்டிக்கொண்டன. கண் டாக்டர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வந்து பிரித்துவிட்டுப் போனார். கண்ணின் மேல் பாதுகாப்புக்குச் சவ்வு ஒன்றை வைத்துத் தைத்தார். எட்டாம் நாள் கருவிழியில் புண். பதினான்காம் நாள் வலது கண் போயிற்று. இடது கண்ணில் வெளிச்சம், இருட்டு மட்டும் மிஞ்சியது. இதில் யார் செய்த குறையும் இல்லை. இந்த நோய் அப்படித்தான், சிலருக்கு அப்படி ஆகும். ஆனால் அவர் அன்று இறங்கியிருந்தால் இரண்டாம் நாள் சாயங்காலம் வந்திருப்பார். அவள் பார்த்திருப்பாள்.

தினமும் நான் போய் நிற்கும்போதெல்லாம் அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். அவர் எப்போது வருகிறார் என்று. நான் தேதி சொல்லிவிட்டுக் கட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன்.

தோல் மூடி வந்தது. பெரியவர் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் என்னைப் பாராட்டினார். "நீ முதல்ல போட்ட ரெண்டுதான் சரிம்மா. பாரு, பிழைச்சுட்டா இல்ல?" என்றார். நூறு பேருக்கான கணக்கை ஒருத்தி பிழைத்ததை வைத்துச் சரிபார்க்கும் மேதையை நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

இருபத்தோராம் நாள் காலை கணவர் வந்தார். துறைமுகத்திலிருந்து நேராக வந்திருந்தார். தோளில் பெரிய பை, முகத்தில் மூன்று நாள் தாடி. நான் உள்ளே போனபோது கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவளுடைய கண்மேல் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்த விரல்களால் அவர் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். நெற்றியில் தொடங்கி, புருவத்துக்கு வந்து, மூக்கில் நிறுத்தியிருந்தாள். அண்ணன் சுவரோரமாக நின்றார். அதே பேனா, இப்போது மூடி இருந்தது.

கணவர் எழுந்து எனக்கு வணக்கம் சொன்னார். நன்றி சொன்னார்.

"அன்னிக்கே இறங்கியிருக்கணும் டாக்டர். நீங்க வேண்டாம்னு சொன்னதா மச்சான் அன்னிக்கு போன்ல சொன்னார். இப்ப கேட்டா, சொன்னது தான்தான்னு சொல்றார்."

"நான்தான் மாப்பிள்ளை," என்றார் அண்ணன், தரையைப் பார்த்தபடி. "டாக்டர் ஒண்ணும் சொல்லல. பயப்படுற மாதிரி இல்லன்னு நானாத்தான் முடிவு பண்ணேன்."

ஏற்கெனவே ஒரு பழி தலையில் இருக்கிறது, இன்னொன்றும் கூட இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அல்லது, இனியும் எங்கள் தயவு தங்கைக்கு வேண்டும் என்று நினைத்திருக்கலாம். நான் பேசாமல் தலையை ஆட்டியிருந்தால் போதும். அறைக் கதவு சாத்தியிருந்தது, எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். அவருடைய பொய்யை நான் மூன்று மணி நேரத்தில் கையும் களவுமாகப் பிடித்தேன். என்னுடையதை இருபத்தோரு நாளாக யாரும் பிடிக்கவில்லை. வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அந்த அறையில்தான் தெரிந்தது. காது மடல் வரை சுட்டது.

"அவர் சொல்றது நிஜமில்ல," என்றேன். "வேண்டாம்னு சொன்னது நான். அவங்க கையால அளக்க வேண்டியதை என் கையால அளந்துட்டேன். அதனால கம்மியா வந்துச்சு. தப்புன்னு தெரிஞ்சப்ப மூணு மணிகூட ஆகல. உங்க மச்சான்கிட்ட சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு நாலு மணி தாண்டற வரைக்கும் சும்மா இருந்தேன்."

கணவர் என் கையைப் பார்த்தார். நான் அதை மறைத்துக்கொள்ளவில்லை. அண்ணன் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். வெளியே சக்கர நாற்காலி ஒன்று போகும் சத்தம் கேட்டது.

தையல்காரி முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினாள். அவள் குரலில் கோபம் இல்லை. தைத்துக் கொடுத்த சட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்று திரும்ப வந்து நிற்பவரிடம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"அன்னிக்கே சொன்னேன்ல டாக்டர், உங்க கை பெருசுன்னு."

சொல்லிவிட்டு, கணவரின் முகத்தைத் தேடிப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி விரலால் தடவத் தொடங்கினாள்.